கான்டன் புல்வெளியில் மெக்கின்லி

1896 செப்டம்பர். ஒஹையோ மாநிலம் கான்டன் நகரில், தன் வீட்டுப் புல்வெளியில் அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர் வில்லியம் மெக்கின்லி நடந்து வருகிறார். உடன் ஒருவர்; பின்னால் வீடு. கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. நின்று படிக்கிறார், தொப்பியைக் கழற்றுகிறார், மேலே நடக்கிறார். ஒரு நிமிடம்கூட ஓடாத மௌனப் படம். எனக்கு அலுக்கவே இல்லை.

அந்தக் காலத்துக் கேமராக்கள் ரயிலையும் அலையையும் நடனத்தையும் தேடிப் போயின, அசைவுதான் அதிசயம். இங்கே ஒரு மனிதர் நின்று காகிதம் படிக்கிறார். சொல்லிவைத்து எடுத்த காட்சிதான், சந்தேகமில்லை. ஆனாலும் படிக்கும்போது அந்தத் தலை தாழும் விதம் இருக்கிறதே, அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

எடுத்தவர் டிக்சன், எடிசனிடம் இருந்தபோது சினிமா கேமராவுக்கு உருவம் கொடுத்தவர். எடிசனை விட்டு வந்தபின், புதிய கம்பெனியில் அவர் பயன்படுத்திய படச்சுருள் 68 மில்லிமீட்டர் அகலம். திரையில் ஆள் பெரிதாக, தெளிவாகத் தெரிந்தார். வேட்பாளரின் தம்பி ஆப்னருக்கு அந்தக் கம்பெனியில் பங்கும் இருந்தது.

எதிர்த்து நின்ற பிரையன் ரயிலேறி ஊர் ஊராகப் பேசினார். மெக்கின்லி வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. ஜனங்கள்தான் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர் போகாத நியூயார்க்குக்கு அவருடைய நடை போனது. அக்டோபர் 12 அன்று ஒலிம்பியா அரங்கில் அதைப் பார்த்த கட்சிக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். நவம்பரில் அவரே ஜெயித்தார்.