நகலைத் தேடும் விதிகள்

நிரலாக்கப் பாடத்தில் காப்பியடிப்பதைத் தடுக்க விதி எங்கே என்று கேட்டால், பலரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையைக் காட்டுவார்கள். கட்டுக்கோப்பான ஆவணம்தான்: ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனையில்லை, அதற்கு மேல் 40, 60 என்று படிகள். ஆனால் அசைன்மென்ட், பாடவேலை, விடைத்தாள் மூன்றையும் தன் வரையறையிலிருந்தே அது விலக்கிவிட்டது. ஆய்வேட்டுக்கு அளவுகோல் உண்டு, முதலாண்டு மாணவரின் பைத்தானுக்கு இல்லை. இழப்பும் பெரிதல்ல. பப்பிள் சார்ட்டை அறுபது பேர் எழுதினால் அறுபதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கே சதவீதம் எதையும் நிறுவாது.

நிரல்களை ஒப்பிட அலெக்ஸ் எய்க்கன் 1994இல் உருவாக்கிய ‘மாஸ்’ மென்பொருள் இதைவிட நுட்பமானது. மாறியின் பெயரை மாற்றினாலும் ஏமாறாது. வகுப்பே பொதுவாக எழுதிய பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட அதற்குத் தெரியும். ஆயினும் அது காட்டுவது ஒப்புமையை, குற்றத்தை அல்ல. சாட்ஜிபிடி ஆளுக்கொரு விதமாக எழுதித் தரும்போதோ ஒப்பிட இரண்டாவது பிரதியே இல்லை.

சிறுசேரி சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் பைத்தான் பாடம் நடத்தும் இணையவழிக் கல்வித் தளமான என்.பி.டி.இ.எல்., பொதுவாக வீட்டுப்பாடத்துக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75 என வகுக்கிறது. வீட்டில் நடப்பதைக் கண்காணிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை இதில் உண்டு. குறை தேர்வில் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியுமா என்பதைப் பெரும்பாலும் கொள்குறி வினாக்கள் அளக்கின்றன.

செங்கல்பட்டு முதல் பழைய மகாபலிபுரம் சாலை வரையுள்ள கல்லூரிகளுக்கு நன்கு பழக்கமானது ரெக்கார்டு நோட்டு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், 2021 ஒழுங்குமுறைப்படி, ஆய்வகத் தாளுக்கு அக மதிப்பீடு 60, பல்கலைத் தேர்வு 40. அந்த 60-இன் நிழலில்தான் மாணவர் ஓடி முடிந்த நிரலை, அவுட்புட்டோடு, கையால் படியெடுக்கிறார். படியெடுப்பதைக் கடமையாக்கிவிட்டு, படியெடுத்ததற்காகத் தண்டிக்கும் முறைக்கு உள்முரண் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

ஆனால் அதே ஆய்வகத்தில் வைவா என்னும் வாய்மொழித் தேர்வும் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் முப்பது பேர் என்றால் தலைக்கு ஆறு நிமிடம். பைத்தானை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் அது வீண். ‘உன் பப்பிள் சார்ட்டின் உள் லூப் வரம்பில் இருக்கும் மைனஸ் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் போதும். பட்டியலின் கடைசி உறுப்புக்கு அப்பால் கை நீண்டு, முதல் சுற்றிலேயே இண்டெக்ஸ் எரர் வரும் என்று எழுதியவருக்குத் தெரியும். ஒட்டியவர் திரையைப் பார்ப்பார். இந்த ஐந்தில் புரிதலைத் தொட்டுப் பார்ப்பது இது ஒன்றே. நடத்தப்படும் விதத்தில் மிகவும் நலிந்ததும் இதுவே.

சீனியரிடம் நிரலை வாங்கிய மாணவர் அதற்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால்? மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு. நிரல் எங்கிருந்து வந்தது என்பதை முதல் கமென்ட் வரியிலேயே அவர் எழுதியிருந்தால்.