அல்லி ராஜ்யமும் இரும்பு உடலும்

ஜப்பானியக் கார்ட்டூன் படங்களில் ஒரு ரகம் உண்டு. படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்குச் சின்ன ராஜ்யம்; அதைக் காக்கும் இளவரசிகள்; எதிரி வந்ததும் கோபுர உயர யந்திர மனிதனுக்குள் ஏறி உட்கார்ந்து சண்டையிடும் அந்தப் பெண்கள்; சண்டைக்கு நடுவே சிரிப்பு. இதற்கெல்லாம் விமர்சனப் பத்திரிகையில் இடமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேளிக்கைதானே என்று ஒதுக்கப்படும் இடத்தில்தான் ஒரு சமூகம் தன் ஆசைகளைக் காவலின்றி விட்டுவைக்கிறது என்பது என் எண்ணம். தவிரவும், நாம் தள்ளிப் போட்டுவந்த கேள்வி ஒன்றை இந்த ரகம் எழுப்புகிறது. ஒரு பெண் ஒரு சின்ன நாட்டைக் காக்கும்போது, சிரிப்பது யார், யாரைப் பார்த்து?

இந்த யந்திரத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1956-இல் மிட்சுதெரு யோகோயாமா வரையத் தொடங்கிய 'டெட்சுஜின் 28' தூரத்திலிருந்து ஒரு சிறுவனால் இயக்கப்பட்டது. 1972-இல் கோ நாகாயின் 'மஸிங்கர் இஸட்' வந்தபோதுதான் மனிதன் யந்திரத்தின் தலைக்குள் போய் உட்கார்ந்தான். முக்கியமான மாற்றம் இது. யந்திரம் ஆயுதம் என்ற நிலையிலிருந்து உடல் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதே படத்தில் சயகா என்ற பெண்ணுக்கும் ஒரு யந்திரம் தரப்பட்டது. அப்ரோடைட் என்று பெயர். அதன் மார்புகளே ஏவுகணைகளாகப் பறந்தன. பெண்ணுக்குப் பெரிய உடல் கிடைத்த மாத்திரத்தில் அந்த உடல் கேலிப் பொருளாகவும் ஆகிவிட்டது.

இதற்கு முன்பே, 1953-இல் ஒசாமு தெசுகா சபையர் என்ற இளவரசியைப் படைத்திருந்தார். பெண்ணுக்கு அரியணை உரிமை இல்லாத நாட்டில் ஆணாக வளர்க்கப்பட்டு வாளெடுப்பவள் அவள். பெண்களே ஆண் வேஷமும் கட்டும் தகராஸுகா நாடகக் குழுவின் ஊரில் தெசுகா வளர்ந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. சபையரையும் நாகாயின் யந்திரத்தையும் சேர்த்தால், சின்ன ராஜ்யத்தைக் காக்கும் யந்திர இளவரசி கிடைத்துவிடுகிறாள். 2016-இல் வந்த 'ரெகாலியா' படத்தில் எனஸ்டோரியா என்ற சின்ன நாட்டின் இளம் அரசி ஒருத்தி இப்படித்தான் போர் செய்கிறாள்.

தர்மபுரி ஜில்லாவில் இருந்துகொண்டு இதைப் பார்க்கிறவனுக்குக் கூத்து நினைவுக்கு வராமல் இராது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. கட்டை வேஷம் கட்டி முடிந்ததும் கூத்தாடி தன் உடலை விட்டு வேறோர் உடலுக்குள் புகுந்துவிடுகிறான். மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லும் காகிதமும் ஒட்டிய கிரீடம், தோளைத் தாண்டி விரியும் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், இடுப்புக்குக் கீழே புடைத்து நிற்கும் உடுப்பு என்று எல்லாமாகச் சேர்ந்து, பகலில் கூலி வேலை செய்கிற மெலிந்த மனிதன் இரவில் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனனாக வெளிப்படுகிறான். நாகாய் இரும்பில் யோசித்ததை நம்மவர்கள் மரத்தில் எப்போதோ யோசித்துவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பெரிய உடல் ஆண் பாத்திரத்துக்கே உரியது. பெண் வேஷத்துக்குப் பெரும்பாலும் புடவையும் சவுரியும் நகையும்தான். அதையும் மரபாக ஆண்களே கட்டிவந்திருக்கிறார்கள். ராணி ராஜ்யத்தை ஆளலாம். புஜகீர்த்தி அவளுக்குக் கிடையாது.

அல்லியின் கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புகழேந்தியின் பெயரில் அச்சாகிப் பெரிய எழுத்துப் பிரதிகளாகச் சந்தைகளில் விற்றது அல்லி அரசாணி மாலை. நாடகக்காரர்களும் கூத்துக்காரர்களும் அல்லியை மேடைமேடையாகக் கொண்டுபோனார்கள். மதுரையை ஆள்கிறாள் அல்லி. போரில் வெல்கிறாள். ஆணை அண்டவிடாமல் பெண்களையே காவல் வைத்திருக்கிறாள். அவளைப் போர்க்களத்தில் வென்று அர்ஜுனன் மணந்திருந்தால் அது வீர கதையாகியிருக்கும். கதை அப்படிப் போகவில்லை. கிருஷ்ணன் துணையோடு அவன் பாம்பாகி அந்தப்புரத்துக்குள் நுழைகிறான். தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். சபை இந்த இடத்தில் சிரிக்கிறது. கட்டியங்காரன் அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறான். எந்தச் சேனையாலும் முடியாததைச் சிரிப்பு முடித்துவைக்கிறது. விழித்தெழும் அல்லியின் கோபம் நியாயமானது என்பதை உணரச் சபைக்கு அவகாசமே தரப்படுவதில்லை.

ஹாஸ்யம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அம்சம் இங்கே படையெடுப்பின் கடைசிக் கட்டமாக வேலை செய்கிறது. 'அல்லி ராஜ்யம்' என்ற வழக்கு அதன் மிச்சம். ஒரு வங்கிக் கிளைக்குப் பெண் மேலாளர் வந்தால் போதும். கடன் மனு தள்ளுபடியானவர் அதைச் சொல்வார், ஊழியரும் சேர்ந்து சிரிப்பார். நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்லுகிறவருக்கு மதுரையும் தெரியாது, அந்தப் பாம்பும் நினைவில் இருக்காது. சிரிப்பு மட்டும் தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறது.

இதற்கு மாற்றாக நாம் வைத்திருப்பது சிலை. வேலு நாச்சியார் 1772-இல் கணவனையும் நாட்டையும் இழந்து, விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டவர். அவரைப் பற்றி எழுதப்படுகிற எதிலும் ஒரு புன்னகைகூட இல்லை. எட்டு ஆண்டுகள் அந்நிய இடத்தில் காத்திருந்த ஒரு பெண், தன்னைத் துரத்தியவர்களைப் பற்றி ஒரு கேலி வார்த்தையாவது பேசியிருக்க மாட்டாரா? வாளை மட்டும் கையில் கொடுத்து வாயை மாலையால் மூடிவிட்டோம். ஆள்கிற பெண்ணைக் கண்டால் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கும்பிட வேண்டும். அவளோடு சேர்ந்து சிரிக்கும் வழி நமக்கு மறந்துவிட்டது.

அந்த வழி இந்த ஜில்லாவிலேயே ஒருகாலத்தில் இருந்தது. தர்மபுரிதான் பழைய தகடூர். பெரும் சேனைகளுக்கு நடுவே அகப்பட்ட சின்ன நாடு, அதியமான் நெடுமான் அஞ்சியுடையது. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவை. தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டுகிறான். அப்போது பாடியது என்று புறநானூற்றின் 95-ஆம் பாட்டைப் பற்றிய பழைய குறிப்பு சொல்கிறது. உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன. என் தலைவனுடையவையோ முனை ஒடிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வது போன்ற குரலில் ஒரு சேனையின் பளபளப்பு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடுகிறது. ஔவை இளவரசி அல்லர்; பாணர் மரபில் வந்து பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர். ஆனாலும் ஒரு சின்ன நாட்டைக் காக்க ஒரு பெண் சிரிப்பை எடுத்துக்கொண்டு எதிரியின் ஆயுதங்களுக்கு முன்னால் நின்ற காட்சி நம் இலக்கியத்தில் இதைவிடத் துல்லியமாக இல்லை. அவருக்குப் பெரிய உடல் தேவைப்படவில்லை.

பிறகு தகடூர் விழுந்தது. விழவைத்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. 'தகடூர் எறிந்த' என்பதே அவனுக்குப் பட்டமாயிற்று. அவனை அரிசில் கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார். அந்தப் போரைச் சொன்ன தகடூர் யாத்திரையும் முழுதாக நமக்கு வரவில்லை. சில செய்யுள்களே தப்பின. ஔவையின் கேலி நாட்டைக் காப்பாற்றவில்லை என்பது அந்தக் கேலியின் தரத்தைக் குறைக்காது. தோற்கக்கூடும் என்று தெரிந்தே சிரித்த சிரிப்பு அது. ஒடிந்த முனைகளைப் பற்றிப் பேசியதால்தான் அதற்குக் கனம் வந்தது.

ஜப்பானிய இளவரசிகளிடம் எனக்குள்ள குறை இங்கேதான். அவர்கள் அல்லிக்கு மறுக்கப்பட்ட புஜகீர்த்தியை அடைந்துவிட்டார்கள். அது சின்ன விஷயமில்லை. சிரிப்பிலும் பங்கு கேட்கிறார்கள். ஆனால் அந்த இரும்பு உடல் கடைசியில் ஜெயித்தே தீரும் என்று பார்ப்பவனுக்கு முன்கூட்டியே தெரியும். அழிந்த தெருக்கள் அடுத்த வாரத்துக்குள் முளைத்துவிடும். சின்ன ராஜ்யம் உண்மையில் சின்னதாகவே இல்லை; பெரிய ராஜ்யத்தின் பலத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. அந்தப் பலத்தின் மேல் உட்கார்ந்து சிரிப்பது எளிது. தொண்டைமானின் ஆயுதச்சாலையில் இருந்துகொண்டு ஔவையின் குரலில் பேசுகிற காரியம் அது.

நம் கிராமத்து ராட்சத உடலுக்கு வேறு விதி. பாரதத்தின் பதினெட்டாம் போரன்று படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைக்கிறார்கள். ஒரு களம் முழுவதும் நீளும் உடல். தொடையில் அடி விழுகிறது. திரௌபதி கூந்தல் முடிகிறாள். அந்த ராட்சதன் செய்யப்படுவதே விழுவதற்குத்தான். மழை வந்தால் மண் மண்ணோடு போகும். பெரிய உடலின் மேல் நம் ஜனங்களுக்கு உள்ள இந்த அவநம்பிக்கை எனக்குப் பெரிய அறிவாகப் படுகிறது.

இதே அவநம்பிக்கையோடு யாராவது அல்லியைத் திரும்ப எழுத வேண்டும். அவள் விழித்தெழும் கணத்திலிருந்து தொடங்கலாம். பாம்பைப் பார்த்து முதலில் அவள் சிரிக்கட்டும். மதுரை மிஞ்சுமா என்பது பிறகு.