தேயிலைப் படமும் வகுப்பறையும்
படத்தைப் பார்த்தல் வேறு, வாசித்தல் வேறு. பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ (1934) என்னும் ஆவணப்படத்துக்குப் பொருளுதவி புரிந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அதன் கலைச்சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கலைத்திறனும் விற்பனை நோக்கும் ஒரே படத்துள் இணைந்தியங்குவதை மாணவர் உணர்தல் வேண்டும்.

தேயிலைப் பெட்டிகளிற் கொழுந்து பறிக்கும் பெண் புன்னகைக்கிறாள். அங்கே தராசு இல்லை, நிறை குறைந்தால் விழும் அரைப்பேர் இல்லை, லயமும் இல்லை. ராகலைத் தோட்டப்புற மாணவர் இவற்றை அனுபவத்தால் அறிவர். அவ்வறிவை வினாவாக மாற்றுதலே ஆசிரியர் கடன். எவர் பணத்தில், எவர் பார்வைக்காக, எதனை விலக்கி இப்படம் ஆக்கப்பட்டது? இவ்வினாக்களே படவாசிப்பின் அரிச்சுவடி எனக் கருதுகிறோம். இன்றேல் அம்மாணவர் தம் தாயையே வாங்குவோர் கண்கொண்டு காண்பர்.