தலைமடையில் தண்ணி இருக்கு, கடைமடைக்கு வரல: பாஸ் லினக்ஸ் அப்டேட் பற்றி

பாஸ் லினக்ஸ் என்று பேச்சை எடுத்தாலே முதலில் வருகிற புகார், "எல்லாமே பழைய வெர்ஷனா இருக்கு" என்பதுதான். இந்தப் புகாரில் பாதி நியாயம், பாதி அநியாயம். எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காததால்தான் விவாதம் இத்தனை வருஷமா ஒரே இடத்தில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் பின்னணி. பாஸ் என்பது சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். 2007இல் வெளிவந்தது. அடித்தளம் டெபியன். 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு இரட்டை பூட்டாக பாஸும் வந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்தியது. அதையொட்டி அரசுத் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னது தமிழக அரசு. அப்போதைய பதிப்பு 5.0, டெபியன் 7ஐ ஒட்டியது.

இப்போ அநியாயமான பாதி. டெபியனின் நிலையான பதிப்பில் மென்பொருள் பழசாகத்தான் இருக்கும், அது திட்டமிட்டுச் செய்வது. டெபியன் 7இல் லிப்ரே ஆபீஸ் 3.5தான் கடைசி வரை. புது வசதி வராது. ஆனால் பாதுகாப்பு ஓட்டை வந்தால் அதற்கான பேட்ச்சை மட்டும் அதே பழைய வெர்ஷனில் ஒட்டித் தருவார்கள். 2014 செப்டம்பர் 24 அன்று பாஷ் ஷெல்லில் 'ஷெல்ஷாக்' ஓட்டை வெளியானது. டெபியன் அன்றைக்கே பேட்ச் கொடுத்தது. அது போதவில்லை என்று தெரிந்ததும் மறுநாளே இரண்டாவது பேட்ச். வெர்ஷன் எண் 4.2 மாறவேயில்லை. ஆகவே எண்ணைப் பார்த்து "பழசு" என்று முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை.

நியாயமான பாதி வேறு. அந்த பேட்ச் கடைசி மெஷினுக்கு எப்போ போய்ச் சேர்ந்தது?

டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் படம் வரும். சில நாளில் கல்லணையும் திறப்பார்கள். ஆனால் கல்லணைக் கால்வாயின் கடைசியில், பேராவூரணிப் பக்கம் இருப்பவர் அணை திறந்த தேதியை வைத்து நாற்று விடுவதில்லை. தன் வாய்க்காலில் தண்ணி வருதான்னுதான் பார்ப்பார். நடுவில் ஒரு மதகு பழுதானாலும், ஒரு வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தாலும், மேலே எத்தனை டிஎம்சி இருந்து என்ன பிரயோஜனம்?

பாஸ் மாதிரியான வழித்தோன்றல் டிஸ்ட்ரோக்களில் மூன்று இடத்தில் இப்படி அடைபடலாம். ஒன்று, நடு மதகு. டெபியன் கொடுத்த பேட்ச்சைத் தன் ரெபாசிட்டரியில் ஏற்றி, சோதித்து, வெளியிட ஆள் வேண்டும். அந்த ஆள் குறைந்தால் தாமதம். இரண்டு, வீட்டு வாய்க்கால். 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால், கிராமத்து மாணவி நெட் கார்டு போட்டு நூற்றுக்கணக்கான எம்பி அப்டேட் இறக்குவாளா? மூன்றாவது பெரிய பதிப்பு மாற்றம். இதுதான் ரொம்ப மோசம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்பி 2001இல் வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அப்டேட் வாங்கியது. டெபியன் 7 வெளிவந்தது 2013 மே. வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2016 ஏப்ரல் வரை, நீட்டித்த ஆதரவு 2018 மே வரை. அப்டேட் நின்றுபோச்சு என்று எக்ஸ்பியை விட்டு 2014இல் மாறிய அலுவலகத்துக்கு, மேல்மடையிலேயே அதிகபட்சம் நாலு வருஷம்தான் தண்ணி. அதற்குள் அடுத்த பதிப்புக்குத் தாவியாக வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் இருக்கிற ஆபீசுக்கு இது புது வேலை. அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காவிட்டால், தப்பி ஓடிய அதே பிரச்சினையில் திரும்ப வந்து விழுவோம். இந்தத் தடவை சும்மா, லைசன்ஸ் காசு இல்லாமல். அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளப் பள்ளிகளுக்கு கைட் நிறுவனம் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுத்து, பாடத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக் கொடுக்கிறது. 2018 ஏப்ரலில் வந்த 18.04 பதிப்பைப் பள்ளிகளுக்கு 2019இல்தான் கொடுத்தார்கள். அதுவும் ஒரு வருஷத் தாமதம்தானே? ஆனால் ஐந்து வருஷ ஆதரவில் ஒன்று போனாலும் நாலு மிச்சம். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உண்டு. தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே திட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் அரசுக்குச் சரிப்படாது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நாம் என்ன செய்திருக்கலாம்? பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பாஸ் தானாக மாற்றிய பொதிகளை மட்டும் தன் ரெபாசிட்டரியில் வைத்துக்கொண்டு, மீதிக்கு டெபியனின் பாதுகாப்பு செர்வரையே நேராகக் காட்டலாம். நடு மதகு ஒன்று குறையும். பள்ளியில் ஒரு மிரர் மெஷின், மாதம் ஒரு நாள் பென்டிரைவில் அப்டேட். இதற்கென்றே 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்ற கருவி இருக்கிறது, எழுதியவரும் நம்ம இந்திய டெபியன்காரர்தான்.

தமிழ்நாட்டில் 50 லட்சத்துக்கு மேல் லேப்டாப் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த எண்ணிக்கை எல்லோருக்கும் வாயில் நிற்கிறது. அதில் எத்தனையில் போன மாத பேட்ச் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த தடவை அரசு கம்ப்யூட்டர் வாங்கும்போது டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்: எந்த வருஷம் வரை அப்டேட் வரும், அதைக் கடைசி மெஷின் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு. புது வெர்ஷன் எப்போ வரும் என்று சண்டை போடுவதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.