உரிமமில்லாத ஆகாயம்

ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டும் கவிஞரும் அச்சுக்கலைஞருமான இலியாஸ்தும் 1964ல் பாரிஸில் கொண்டுவந்த 'மாக்ஸிமிலியானா'வைக் கிரகச் சித்திரங்களின் தொகுப்பாகப் பார்ப்பது தவறு. அதன் விஷயம் டெம்பல். 1861ல் மார்ஸெய்யிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தவர். தொழில் கல்லச்சு, பட்டம் கிடையாது. கோளுக்கு முதலில் வைத்த மாக்ஸிமிலியானா என்ற பெயரும் எடுபடாமல் ஸிபெலி என்பதே நிலைத்தது. உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்த குற்றம்போல, உரிமமில்லாமல் வானவியல் பார்த்தது என்கிறது புத்தகத்தின் உபதலைப்பு.

சித்திரங்களோடு, யாருக்கும் வாசிக்கக் கிடைக்காத ஒரு லிபியை எர்ன்ஸ்ட் வரிவரியாக எழுதிப்போகிறார். நட்சத்திரங்களும் எனக்கு அப்படித்தான்: எழுத்து என்று தெரிகிறது, வாசிக்க வரவில்லை. இலியாஸ்த் எழுத்துகளை விலக்கிவிலக்கிக் கோத்ததில் வெற்றுத்தாளே ஆகாயமாகிவிடுகிறது. (நான் பார்த்தவை புகைப்பட நகல்கள்தாம், தாளின் கனம்பற்றிப் பேச எனக்கும் உரிமமில்லை.)

என் சண்டை வேறு. மொத்தம் 75 பிரதிகள். ஒரு கல்லச்சுத் தொழிலாளிக்காகச் செய்த புத்தகம் அப்படி ஒருவர் வாங்க முடியாத பொருளாகிவிட்டது. கைவேலை புத்தகத்தை விடுவிக்கிறதா, நகையாக்குகிறதா? இந்தச் சங்கடம் அவர்களை உறுத்தியதற்கு நான் பார்த்த பக்கங்களில் தடயமில்லை.