ஐந்து முனை நட்சத்திரம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில், குருபரப்பள்ளிக் கடைகளின் கல்லாவில் நான்கு அக்கசாலைகளின் காசும் கலந்தே கிடக்கும். அக்கசாலைக் குறிகளில் மும்பையின் வைரத்தை மெச்சுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஹைதராபாத்தின் நட்சத்திரத்துக்கு ஈடாக எதையும் வைக்க மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்குக் கீழே கடுகினும் சிறிதாக நிற்கும் அதன் ஐந்து முனைகளில் அச்சின் வயதே தெரிந்துவிடும். அச்சு புதிதாயிருக்கையில் முனைகள் முள்ளாக நிற்கும். தேயத் தேய மழுங்கும். பிசுக்கும் உலோகத் தூளும் குழியை அடைத்தால் வெறும் மொட்டாகிவிடும். அந்த மொட்டை நொய்டாப் புள்ளி என்று எழுதி வைப்பவர்கள் ஆண்டைப் பார்ப்பதில்லை. நொய்டா அக்கசாலை தொடங்கியதே 1988-இல். 1975 என்று பொறித்த காசில் அதன் புள்ளி எப்படி வரும்? நயா பைசாக் காலத்தில் ஹைதராபாத் இட்ட பிளந்த வைரமும் இப்படித்தான் ஏமாற்றும்: பிளவு மறைந்தால் மும்பை வைரமாகவே தோன்றும். குறி முழுதும் அடைபட்டால் குறியே இல்லாத கொல்கத்தாக் காசாகிவிடும். ஆகவே குறியில்லாத காசைக் கொல்கத்தா என்று உறுதி செய்யுமுன், சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடத்தை லென்ஸில் பார்த்தாக வேண்டும்.

அச்சில் பள்ளமாக வெட்டியது காசில் மேடாக எழும். அச்சு விரிசல் விட்டாலும் சில்லு பெயர்ந்தாலும் மேடுதான், அதே அச்சின் மற்றக் காசுகளிலும் அது வரும். அக்கசாலைக்கு வெளியே பட்ட அடியோ பள்ளம். தள்ளப்பட்ட உலோகம் அதன் ஓரத்தில் வரப்பாகக் குவிந்திருக்கும். விக்டோரியா ரூபாயில் பம்பாயின் ‘பி’ குழிவாகவும் உண்டே என்று கேட்கலாம். உண்டு; ஆனால் அது தனக்குரிய இடத்தில், வரப்பின்றி, எழுத்தின் வடிவம் கெடாமல் நிற்கும். அடிபட்ட காசும் உலகில் ஒன்றே ஒன்றுதானே, அதுவும் அபூர்வம்தானே என்பார்கள். ஒவ்வோர் அடியும் தனி என்பதாலேயே அதில் அபூர்வம் இல்லை. பல காசுகள் பகிர்ந்துகொள்ளும் வேறுபாட்டைத்தான் வகை என்று சொல்ல முடியும். பிசுக்கு அடைத்த அச்சின் காசு பிறவியிலேயே அப்படி. அதைச் சேர்த்து வைப்பதில் தவறில்லை, வேறோர் ஊரின் பெயரைச் சூட்டுவதுதான் தவறு.

இன்று சுரண்டல் பட்ட காசெல்லாம் ‘எரர் காயின்’ என்று விலை பேசப்படுகிறது. இதே தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகளில் வாங்க மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டி வந்தது. உண்மையான வகையைப் போலி என்று தள்ளிவிட்டுக் காயத்தை வகை என்று வாங்குகிறோம். 1792 வரை திப்புவின் ஆட்சியில் இருந்த பாராமகால் மண் இந்தக் கிருஷ்ணகிரி. அவருடைய யானைச் செப்புக்காசில் அச்சைவிட வில்லை சிறுத்து, அக்கசாலையின் பெயர் பாதி வெளியே போயிருக்கும். அதை யாரும் சேதம் என்பதில்லை. எஞ்சிய பாரசீக எழுத்தின் வளைவைக் கொண்டே பட்டணம் அக்கசாலையா நகர் அக்கசாலையா என்று சொல்லிவிடுவார்கள்.