வாக்கரை ஏன் தேறவைக்கவில்லை?

ஜான் வில்லியம்ஸின் ‘ஸ்டோனர்’ (1965) நாவலைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் காதலையும் தனிமையையும்தான் பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு வாய்மொழித் தேர்வின் கதை.

மிசௌரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் சார்லஸ் வாக்கர் பேச்சில் கெட்டிக்காரன். உள்ளே சரக்கு கிடையாது. அவனுடைய ஆதரவாளரான பேராசிரியர் லோமாக்ஸ், கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து எடுத்துக்கொடுக்கிறார். ஸ்டோனரின் முறை வந்ததும் இலக்கியம் படிக்கும் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைகளைக் கேட்கிறார். வாக்கர் திணறுகிறான். தேறவில்லை என்கிறார் ஸ்டோனர். வாக்கர், லோமாக்ஸ் இருவருக்குமே உடற்குறை உண்டு. அதனால்தான் இந்த வெறுப்பு என்று லோமாக்ஸ் குற்றம்சாட்டுகிறார். பிறகு துறைத்தலைவராகி, ஸ்டோனரை முதலாண்டு வகுப்புகளுக்குத் தள்ளுகிறார். இருபதாண்டுகளுக்கு மேல் இருவரும் நேருக்குநேர் பேசிக்கொள்வதில்லை.

இன்றைய அமெரிக்கச் சண்டையும் கிட்டத்தட்ட இதேதான். பேராசிரியர்கள் இடதுசாரிச் சாய்வோடு பாடம் நடத்துகிறார்கள் என்கிறது ஒரு தரப்பு. ‘தரம்’ என்பதே பழைய பாரபட்சத்தின் கௌரவமான பெயர் என்கிறது மறுதரப்பு. இதற்கிடையே ஹார்வர்டில் 2020-21ல் கொடுத்த கிரேடுகளில் சுமார் 79 சதவீதம் ஏ வரிசை. பத்தாண்டுகளுக்கு முன் 60. பிரின்ஸ்டன் 2004ல் ஏ கிரேடுக்கு 35 சதவீத வரம்பு வைத்தது, 2014ல் கைவிட்டது. சாய்வைப் பற்றி எல்லோரும் சத்தமாகப் பேசுகிறார்கள். மாணவனின் முகத்தைப் பார்த்து ‘இது போதாது’ என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஸ்டோனரை முதல் தரப்பின் புனிதராக்குவது சுலபம். ஆனால் அங்கேதான் நாவல் சறுக்குகிறது. வாக்கரை முழுப் போலியாக்கி வில்லியம்ஸ் தன் வேலையை எளிதாக்கிக்கொண்டார். அவன் பக்கத்து நியாயம் நமக்குக் கிடைப்பதே இல்லை. அவனுக்குப் பாதி தெரிந்திருந்தால்? ஸ்டோனர் பின்னால் காதலிக்கப்போகும் கேத்தரினின் கட்டுரையை வகுப்பில் தாக்கியவன் அவன். ஸ்டோனரின் தரத்தையும் கோபத்தையும் அப்போது எப்படிப் பிரிப்பது?

பிரிப்பதற்கு ஒரே வழி அந்தக் கேள்விகள்தான். எளிமையானவை, யாரிடமும் கேட்கக்கூடியவை, அறையில் எல்லோர் காதிலும் விழுந்தவை.

வேலைக்கான இன்டர்வியூ ஒன்றில், சக ஊழியர் தனக்கு வேண்டிய பையனுக்குப் பதிலை எடுத்துக்கொடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அடிப்படையான ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருக்கலாம். ஸ்டோனரை மறுபடி படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வருகிறது.